இரும்புக்குப் பேசுங்கள், எலும்புக்குப் பேசாதீர்கள்

நடுரோட்டில் நின்றபடி எனக்குப் போன் போடும் கார்க்காரர்களுக்கு,



மதுரையில் இருபத்து மூன்று வருடமாக வண்டி இன்சூரன்ஸ் போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். பாலிசி எடுக்கிற அன்று நீங்கள் என்னோடு அதிகம் பேசுவதில்லை. பிரீமியம் எவ்வளவு குறையும் என்று கேட்பீர்கள், பேப்பரை மடித்து டேஷ்போர்டுக்குள் வைப்பீர்கள், அவ்வளவுதான். உங்கள் குரலை நான் சரியாகக் கேட்பது ஒன்றிரண்டு வருடம் கழித்து, காளவாசல் சிக்னலிலிருந்தோ கோரிப்பாளையத்திலிருந்தோ வருகிற போனில். பின்னால் ஹாரன் அலறும். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள். "அண்ணே, லேசா பட்டுருச்சு. இன்சூரன்ஸ்ல போடவா, இல்ல கையில குடுத்து முடிச்சுக்கவா?"

இதற்கு ஒன்றரை நிமிடத்தில் பதில் சொல்லியாக வேண்டும். அந்த அவசரத்தில் நான் சொல்லாமல் விட்டவற்றையெல்லாம் ஒரே இடத்தில் எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். ஒருமுறை தவறான பதிலும் சொல்லியிருக்கிறேன். அதையும் எழுதுகிறேன்.

பணக்கணக்கை முதலில் பார்த்துவிடலாம். உங்கள் காருக்கு வரும் சேதத்துக்கான பிரீமியம், 'ஓன் டேமேஜ்' என்று பாலிசியில் தனியாகப் போட்டிருக்குமே அது, 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் கிளெய்ம் போடாமல் ஓட்டினால் அதில் 20 சதவீதம் தள்ளுபடி. அடுத்தடுத்த வருடங்களில் 25, 35, 45 என்று ஏறி ஐந்து வருடம் முடிந்தால் 50. நோ கிளெய்ம் போனஸ் என்பது இதுதான். 45 சதவீதத் தள்ளுபடியில் இருக்கிற ஒருவர் ஒரு பம்பருக்காகக் கிளெய்ம் போட்டார் என்றால், அடுத்த ரினியூவலில் 50-க்கு ஏறி 6,000 கட்ட வேண்டியவர் முழுசாக 12,000 கட்டுவார். அதோடு நிற்காது. மறுபடி 20-இல் தொடங்கிப் படிப்படியாக ஏறி 50-க்கு வர வேண்டும். அந்த வருடங்களில் கைவிட்டுப் போகும் தள்ளுபடியைக் கூட்டிப் பாருங்கள்: 6,000, 3,600, 3,000, 1,800, 600. மொத்தம் 15,000. கார் பழசாக ஆக அதன் மதிப்பும் பிரீமியமும் இறங்கும் என்பதால் நடைமுறையில் இதைவிடக் கொஞ்சம் குறைவாக வரும். ஆனாலும் சின்னத் தொகை இல்லை.

அதற்குப் பதிலாகக் கையில் வருவது எவ்வளவு? பம்பர் பிளாஸ்டிக். பிளாஸ்டிக், ரப்பர் சாமான்களுக்குக் கார் புதிதாக இருந்தாலும் தேய்மானம் என்று பாதியைக் கழித்துவிடுவார்கள். அதற்கு மேல் 1,500 சி.சி. வரை உள்ள காருக்கு 1,000 ரூபாய், அதைத் தாண்டினால் 2,000 ரூபாய் உங்கள் பங்கு. 1,500 சி.சி.க்குள் உள்ள காரின் 7,000 ரூபாய் பம்பரில் கம்பெனி தருவது 2,500. பம்பர்-டு-பம்பர் என்று கூடுதல் பிரீமியம் கட்டி எடுத்தவர்களுக்குத் தேய்மானக் கழிவு இல்லை. ஆனால் போனஸ் போவது போவதுதான், அதைக் காக்கத் தனியாக ஒரு சேர்க்கை எடுத்திருந்தால் ஒழிய. ஆகவே டிங்கரிங், பட்டி, பெயின்ட் என்று ஐயாயிரம் ஆறாயிரத்துக்குள் முடிகிற ஒடுக்குக்கும் கீறலுக்கும் கிளெய்ம் போட வேண்டாம் என்று நானே சொல்வேன். ஹெட்லைட் உடைந்து, பானெட் மடங்கி, எஸ்டிமேட் நாற்பதாயிரத்தைத் தொட்டால் யோசிக்காமல் போடுங்கள். அதற்காகத்தானே வருடாவருடம் கட்டுகிறீர்கள்.

இதுவரை சொன்னது உங்கள் பாக்கெட்டைப் பற்றி. எதிரே நிற்பவருடைய பாக்கெட்டும் இதில் இருக்கிறது. நீங்கள் சிக்னலில் நிற்கிறீர்கள், பின்னால் வந்தவர் இடித்துவிட்டார். அவருடைய பாலிசியிலேயே அடுத்தவர் சொத்துக்கான சேதத்துக்கு இடமுண்டு. கார் பாலிசியில் அது பொதுவாக 7,50,000 ரூபாய் வரை. ஆனால் அதிலிருந்து உங்கள் டிக்கிக்குப் பணம் வாங்க எஃப்.ஐ.ஆர். வேண்டும், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு வேண்டும். ஒரு டிக்கிக் கதவுக்காக யார் கோர்ட்டுக்குப் போவார்கள்? ஆகவே இடிபட்டவர் தன் பாலிசியிலேயே கிளெய்ம் போட்டுக்கொள்கிறார். கம்பெனிகளும் அவரவர் வாடிக்கையாளர் வண்டியை அவரவரே பார்த்துக்கொள்வது என்று தங்களுக்குள் பேசிவைத்திருக்கின்றன. இடித்தது ஒருவர், போனஸ் போவது இன்னொருவருக்கு. இந்த அநியாயத்தைச் சரிசெய்ய இருக்கிற ஒரே எளிய வழி, இடித்தவர் தன் கையிலிருந்து கொடுப்பதுதான். இன்சூரன்ஸுக்குப் போகாமல் பேசி முடிப்பதை ஏதோ குறுக்குவழி என்று சிலர் கூச்சப்படுகிறார்கள். வெறும் தகரம் நசுங்கிய இடத்தில் அதுதான் நேர்வழி என்பது என் எண்ணம்.

இடிபட்டது கால் டாக்ஸியாக இருந்தால் இன்னொன்றையும் யோசியுங்கள். அவர் வண்டி பட்டறையில் மூன்று நாள் நின்றால் மூன்று நாள் ஓட்டம் இல்லை. டியூ தேதி மட்டும் வந்துவிடும். எந்த ஓன் டேமேஜ் கிளெய்மும் அவருக்கு அந்த மூன்று நாள் வருமானத்தைத் தராது. "பெயின்ட்டுக்கு மட்டும் குடுத்தாப் போதும்ல?" என்று உங்களில் ஒருவர் போன மாதம் கேட்டார். போதாது என்றேன். தப்பு அவருடையது என்பதில் அவருக்கே சந்தேகம் இல்லை. கடைசியில் ஓட்டக்காசும் சேர்த்துக் கொடுத்தார். அந்த டிரைவர் தம்பி மறுநாள் எனக்குப் போன் போட்டுத் தன் வண்டிக்கும் இங்கேயே பாலிசி போட முடியுமா என்று கேட்டது தனிக்கதை.

சரி, பேசி முடிப்பது என்றால் எப்படி? ரோட்டில் நின்று ரேட் பேசாதீர்கள். அங்கே ரேட் பேசுவது பக்கத்து டீக்கடைக்காரர்கள்தான், நீங்கள் இருவரும் இல்லை. சின்ன வண்டியும் பெரிய வண்டியும் மோதினால் பெரிய வண்டிதான் தப்பு என்பது அங்கே எழுதாத சட்டம். பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர், சந்துக்குள் இடதுபக்கமாக நுழைந்து உரசிய பைக்குக்கு 8,000 ரூபாய் கொடுத்துவிட்டு அழுதுகொண்டே என்னைக் கூப்பிட்டார். சுற்றி நின்ற பத்து ஆண்களில் ஒருவர்கூட அவர் பக்கத்தைக் கேட்கவில்லை. அப்படி ஒரு கூட்டம் சூழ்ந்தால் "ஸ்டேஷனுக்குப் போயிடலாம்" என்று சொல்லிவிட்டு 100-ஐ அழையுங்கள். நியாயமாகக் கேட்கிறவர் கூடவே வருவார். மிரட்டிப் பிடுங்க நினைத்தவர் பெரும்பாலும் அந்த இடத்திலேயே தணிந்துவிடுவார்.

கூட்டம் இல்லாவிட்டால், வண்டியை நகர்த்துவதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், இரண்டு நம்பர் பிளேட்டும் தெரிகிற மாதிரி. பிறகு ஓரங்கட்டி, ஒரு டிங்கர் பட்டறைக்கோ அவருடைய ஷோரூமுக்கோ இருவரும் சேர்ந்தே போங்கள். பம்பரைக் கழற்றிப் பார்த்த பிறகு தொகை பேசுங்கள். இது ஏன் என்றால், இப்போதைய பம்பர்கள் இடி வாங்கியதும் உள்ளே போய் மறுபடி பழைய உருவத்துக்கு வந்துவிடுகின்றன. மேலே ஒரு கீறல்தான் தெரியும். உள்ளே கிளிப் உடைந்திருக்கும், பார்க்கிங் சென்சார் செத்திருக்கும், ரேடியேட்டரைத் தாங்கும் சட்டம் வளைந்திருக்கும். இரண்டாயிரத்துக்குக் கைகுலுக்கிப் பிரிந்தவர்கள் மறுநாள் இருபதாயிரம் எஸ்டிமேட்டோடு சண்டை போட்டதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதில் இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை என்பதுதான் வருத்தம்.

பணத்தை ஜி-பேயில் போடுங்கள், அதுவும் வண்டிக்காரருக்கோ பட்டறைக்கோ நேரடியாக. "எங்கிட்டக் குடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று நடுவில் வருகிறவரிடம் கொடுக்காதீர்கள். ஒரு வெள்ளைத்தாளில் தேதி, நேரம், இடம், இரண்டு வண்டி எண்கள், இருவர் பெயர், போன் நம்பர், தொகை எழுதி, யாருக்கும் காயம் இல்லை, சேதத்துக்கான பணம் முழுவதும் வந்துவிட்டது என்று இருவரும் கையெழுத்துப் போடுங்கள். இருவர் போனிலும் அதன் படம் இருக்கட்டும். நாளைக்குப் பணம் தருகிறேன் என்று சொல்லி லைசென்ஸையோ ஆர்.சி. புக்கையோ அடமானமாகக் கொடுக்கிற பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. கொடுக்கவும் வேண்டாம், கேட்கவும் வேண்டாம்.

இன்னொன்று உங்கள் பாலிசியின் நிபந்தனைகளில் இருக்கிறது. பொடி எழுத்து, யாரும் படித்திருக்க மாட்டீர்கள். கம்பெனியின் எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் தப்பை ஒப்புக்கொள்வதோ, பணம் தருவதாக வாக்குக் கொடுப்பதோ, கொடுப்பதோ கூடாது என்று அதில் போட்டிருக்கிறது. உங்கள் கையிலிருந்து நாலாயிரம் கொடுத்து முடிக்கிற இடத்தில் இது பெரிதாகக் குறுக்கே வராது. ஆனால் பாதி கையில், மீதி கம்பெனியிடம் என்று இரண்டு படகில் கால் வைக்க நினைக்காதீர்கள். ரோட்டில் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டு, விஷயம் பெரிதானதும் கம்பெனியிடம் போய் நின்றால், அவர்கள் இந்த வரியை எடுத்துக் காட்டலாம்.

மேலே சொன்னதெல்லாம் இரும்புக்கும் பிளாஸ்டிக்குக்கும். இனிமேல் எழுதுவதற்காகத்தான் இந்த மடலையே தொடங்கினேன்.

சில வருடங்களுக்கு முன்னால், ஒரு கார்த்திகை மாதம். விடிகாலை ஐந்தரைக்குப் போன். உங்களைப் போன்ற ஒரு பாலிசிதாரர்தான், நல்ல மனிதர். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு டி.வி.எஸ். எக்ஸ்.எல்.-இல் வந்த ஒருவரை, இவர் இடப்பக்கம் திரும்பும்போது கார் தட்டிவிட்டது. அவர் கையை ஊன்றி விழுந்தார். உடனே எழுந்து, சிதறிய மல்லிகைப்பூவைத்தான் முதலில் அள்ளியிருக்கிறார். "ஒண்ணுமில்ல சார், பூவு நனைஞ்சுருச்சு, அதான்" என்றாராம்.

நான் கேட்டது ஒரே கேள்வி. "எந்திரிச்சு நிக்கிறாரா?"

"நிக்கிறாருண்ணே."

"அப்ப பூவுக்கும் சேத்து ரெண்டாயிரம் குடுத்துச் சமாதானமா அனுப்பிருங்க. ஸ்டேஷனுக்குப் போனா வண்டி ரெண்டு நாள் நிக்கும்."

இதுதான் நான் சொன்னது. அவரும் கொடுத்தார். பூக்காரர் வாங்கிக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனார். பெயர் கேட்கவில்லை, நம்பர் வாங்கவில்லை.

நாலைந்து மாதம் கழித்து அதே பாலிசிதாரர் தன் வீட்டம்மாவோடு கோயிலுக்குப் போனபோது, வாசலில் அந்தப் பூக்காரரைப் பார்த்திருக்கிறார். வலது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. பூக் கட்டிக்கொண்டிருந்தது அவர் மனைவி. பூக்காரரோ பக்கத்தில் உட்கார்ந்து, கட்டிய சரத்தை இடது கையால் முழம் போட்டுக்கொண்டிருந்தார். பாலிசிதாரர் விசாரித்துவிட்டு எனக்குச் சொன்னார். மறுநாள் நான் போனேன்.

மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக முந்திரிப்பருப்பு மாதிரி ஒரு சின்ன எலும்பு இருக்கிறது. கையை ஊன்றி விழுந்தால் முறிகிற எலும்பு அது. பெரிதாக வீங்காது. முதல் எக்ஸ்ரேயில்கூடப் பல சமயம் தெரியாது. சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் தடவிக்கொண்டு வேலை செய்வார்கள். அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு. நாள் தள்ளினால் ஒட்டாமலே நின்றுவிடும். அவருக்கு அப்படித்தான் ஆகியிருந்தது. நாரை இழுத்து முடிச்சுப் போடக் கட்டைவிரலில் பலம் இல்லை. பரம்பரையாகப் பூக் கட்டுகிற குடும்பம்.

"அன்னிக்கு வலிக்கலையா?" என்று கேட்டேன். "வலிச்சுச்சு. ஆனா முகூர்த்த நாளுங்க, பூவு போயிரும்ல" என்றார்.

நானும் அந்தப் பாலிசிதாரரும் பிறகு கொடுத்த எதுவும் அந்தக் கையைப் பழையபடி ஆக்கவில்லை. ஆனால் இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்த எனக்கு ஒன்று நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். இந்த நாட்டில் எல்லா வண்டிக்கும் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம் என்று 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டம் சொல்வது உங்கள் பம்பருக்காக இல்லை. இந்தக் கைக்காக. அடுத்தவர் சொத்துச் சேதத்துக்குத்தான் பாலிசியில் உச்சவரம்பு. மனித உடம்புக்கு உச்சவரம்பு கிடையாது, தீர்ப்பாயம் எவ்வளவு நிர்ணயிக்கிறதோ அவ்வளவு. வைத்தியச் செலவு, போன வருமானம், இனிமேல் போகப்போகிற வருமானம் எல்லாம் அதில் வரும். வருடாவருடம் அந்தப் பிரீமியத்தைக் கட்டியிருந்தார் என் பாலிசிதாரர். அதைப் பெற வேண்டியவருக்கும் அந்தப் பணத்துக்கும் நடுவில் குறுக்கே நின்றது என் வாய். ஸ்டேஷனில் பதிவு இல்லை, காயச் சான்று இல்லை, ஒரு போட்டோகூட இல்லை. எதை வைத்து மனுப் போடுவது?

உங்களில் பலருக்கு இதில் ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். அடுத்தவர் காயத்துக்காக உங்கள் பாலிசியில் கிளெய்ம் வந்தால் உங்கள் நோ கிளெய்ம் போனஸ் போகாது. போனஸ் உங்கள் காரின் ஓன் டேமேஜ் பகுதியோடு மட்டும் சம்பந்தப்பட்டது. தேர்ட் பார்ட்டி கிளெய்ம் அதைத் தொடாது. போனஸுக்குப் பயந்து அடிபட்டவரை ஆயிரம், இரண்டாயிரம் கொடுத்து அனுப்புகிறவர்கள், இல்லாத நஷ்டத்துக்குப் பயப்படுகிறார்கள்.

ஸ்டேஷனுக்குப் பயப்படுவதில் மட்டும் அர்த்தம் இருக்கிறது, மறுக்கவில்லை. வண்டி அங்கே நிற்கும், பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்க்க வேண்டும், உங்கள் வேலை இரண்டு மூன்று நாள் கெடும். வழக்குப் போட்டால் அலைச்சல் உண்டு. ஆனால் ஒருவருக்குக் காயம் என்றால் இதில் உங்களுக்கு விருப்பம் என்று ஒன்றைச் சட்டம் விட்டுவைக்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு: அடிபட்டவருக்கு வைத்தியம் கிடைக்கச் செய்ய வேண்டும், பக்கத்தில் போலீஸ் இல்லாவிட்டால் 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள ஸ்டேஷனில் சொல்ல வேண்டும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கூட்டம் அடிக்க வருகிறது, நிற்க முடியவில்லை என்றால் அதற்கும் அதே பிரிவு இடம் கொடுத்திருக்கிறது. அங்கே உதவி செய்ய முடியாமல் போனால் அது குற்றமாகாது. ஆனால் நேராக ஸ்டேஷனுக்குப் போயாக வேண்டும். செய்யாவிட்டால் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அலட்சியமாக ஓட்டிய குற்றமோ, நீங்கள் இருவரும் ரோட்டில் கைகுலுக்கிக்கொண்டால் தீர்ந்துபோகிற வகையைச் சேர்ந்தது இல்லை. இன்று கும்பிட்டுவிட்டுப் போனவர் பத்து நாள் கழித்து வலி தாங்காமல் புகார் கொடுத்தால், நீங்கள் கொடுத்த இரண்டாயிரம், இடித்துவிட்டுச் சொல்லாமல் மறைத்ததற்குச் சாட்சியாக வந்து நிற்கும்.

பணத்துக்காக வைத்தியத்தைத் தள்ளிப்போட வேண்டியதும் இல்லை. 2021 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கிறது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் ஆஸ்பத்திரிகளில் இலவசம். எந்த ஊர்க்காரர், காப்பீட்டு அட்டை வைத்திருக்கிறாரா என்றெல்லாம் பார்ப்பதில்லை. 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது உங்கள் காரிலேயே ஏற்றிக்கொண்டு போங்கள். சீட்டில் ரத்தக்கறை பட்டால் கழுவிக்கொள்ளலாம்.

அடிபட்டவரே "ஸ்டேஷன் வேணாம் சார்" என்று கெஞ்சுவது உண்டு. பெரும்பாலும் அவருடைய டூவீலருக்கு இன்சூரன்ஸ் முடிந்திருக்கும், அல்லது லைசென்ஸ் இருக்காது, அல்லது அன்றைய சம்பளம் போய்விடும். அந்தப் பயம் உங்களுக்குச் சாதகம் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லாததற்கு அபராதம் உண்டு, கட்டத்தான் வேண்டும். ஆனால் தப்பு உங்கள் பக்கம் இருக்கும்போது, அவர் காயத்துக்கு உங்கள் பாலிசியிலிருந்து இழப்பீடு கேட்கிற உரிமை அதனால் போய்விடாது. இதை அவரிடம் நீங்களே சொல்லுங்கள். சொல்வதற்கு அந்த இடத்தில் வேறு ஆள் இருக்க மாட்டார்கள்.

தலையில் லேசாகத் தட்டியிருந்தாலும் இதேதான். அப்போது நன்றாகப் பேசுவார், டீகூடக் குடிப்பார், உள்ளே ரத்தம் கசிவது சாயங்காலம்தான் தெரியும். குழந்தை, வயதானவர், கர்ப்பிணி என்றால் கேள்வியே வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி. டாக்டர் பார்த்து ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டால், ஸ்டேஷனிலும் சொல்லிவைத்துவிட்டால், அதற்கப்புறம் கண்ணாடிக்கும் இண்டிகேட்டருக்கும் தாராளமாகப் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

என் நம்பர் மாறவில்லை. ராத்திரி எத்தனை மணியானாலும் எடுப்பேன். நீங்கள் பேசத் தொடங்கியதும் நான் உங்களை நிறுத்திவிட்டு, கீழே விழுந்தவரிடம் போனைக் கொடுக்கச் சொல்வேன். கோபித்துக்கொள்ளாமல் கொடுங்கள். மணிக்கட்டை மடக்கிப் பார்க்க முடிகிறதா, கட்டைவிரலுக்குக் கீழே அழுத்தினால் வலிக்கிறதா என்று நான் அவரிடம் கேட்டுக்கொள்கிறேன். "ஒண்ணுமில்ல சார்" என்று அவர் சொன்னாலும், அவரை எந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பதைத்தான் அடுத்து உங்களிடம் சொல்வேன்.

அன்புடன்,
உங்கள் இன்சூரன்ஸ் ஏஜென்ட்
மதுரை